காலையில் சத்தம், மாலையில் வெளிச்சம்: இரண்டு மணி நேரத் தீபாவளி

எங்கள் வீட்டில் நாலு மணிக்கே எண்ணெய் தேய்த்துக் குளித்து, விடியுமுன் கடைக்குட்டி முதல் வெடியைப் போட்டாக வேண்டும். அப்பா காலத்து வழக்கம். 2018-இல் உச்ச நீதிமன்றம் இரவு 8 முதல் 10 வரைதான் வெடிக்கலாம் என்றபோது எனக்கு மனசே ஆறவில்லை. நமக்குத் தீபாவளி விடியற்காலையில் அல்லவா? தமிழ்நாடு முறையிட்ட பிறகு, இரண்டு மணி நேரத்தைப் பிரித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது: காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8.

குளியலை ஐந்து மணிக்குத் தள்ளினேன். விளக்கேற்றி, புதுத்துணி உடுத்தி, லேகியம் விழுங்குவதற்குள் ஆறாகிவிடும். முதல் வெடி இன்றும் கடைக்குட்டியுடையதுதான்.

பட்டாசை வாங்கும்போதே இரண்டு பையாகப் பிரித்துவிடுங்கள். லட்சுமி வெடி, குருவி வெடி காலைக்கு. புஸ்வாணம், சங்குசக்கரம், மத்தாப்பு மாலைக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடாத அளவே வாங்குங்கள். பெட்டியில் பசுமைப் பட்டாசு முத்திரையும் கியூஆர் கோடும் இருக்கிறதா என்று பாருங்கள். சரவெடிக்குத் தடை, ஆன்லைனில் விற்கவும் தடை.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இருந்தால் 100 மீட்டர் தள்ளிப் போய்விட வேண்டும். எங்கள் தெருமுனையில் ஆஸ்பத்திரி இருப்பதால் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போகிறேன். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காக வெடியே போடுவதில்லை. எனக்கு அவ்வளவு மனசு வருமா, தெரியவில்லை.

எல்லோரும் அணுகுண்டுக்குப் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது கம்பி மத்தாப்புக்கு. எரிந்து முடிந்த கம்பி சாம்பல் நிறத்தில், அணைந்ததுபோலக் கிடக்கும். அண்ணன் மகள் வெறுங்காலோடு அதை மிதித்துவிட்டாள். உள்ளங்காலில் ஒரு கோடு, நேர்க்கோடாக. யாரோ பற்பசை எடுத்து வந்தார்கள், தடவ விடவில்லை. குழாயடியில் இருபது நிமிஷம் தண்ணீர் ஓடவிட்டு, பிறகு டாக்டரிடம் தூக்கிப் போனோம். அன்றிலிருந்து மத்தாப்புப் பெட்டியைப் பிரிக்குமுன் ஒரு வாளித் தண்ணீர் வந்தாக வேண்டும். எரிந்த கம்பி நேராக அதற்குள். காலில் செருப்பு, உடம்பில் பருத்தித் துணி. பற்றவைக்க நீள ஊதுபத்தி.

திரி எரிந்தும் வெடிக்காததைக் குனிந்து பார்க்கவே கூடாது. கால் மணி நேரம் விட்டு, தள்ளி நின்று தண்ணீர் ஊற்றுங்கள். அதையும் ராத்திரியே செய்துவிடுங்கள். மறுநாள் காலையில் வெடிக்காத வெடியைப் பொறுக்கி, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்தப் பிள்ளைகள் வரும். அவர்கள் கையில் ஈரக் காகிதம்தான் அகப்பட வேண்டும்.