மின்கட்டணத் திருத்தம் வரும்போது ஆணைக்குழுவுக்கு எழுதுவது எப்படி?

கட்டணம் கூடினாலும் குறைந்தாலும் அனுமதி தர வேண்டியது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. அதற்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கரண்ட் பில்லைப் பற்றிக் கதைக்காத வீடு இல்லை, ஆனால் எனக்குத் தெரிந்தவர்களில் ஒரு வரி எழுதி அனுப்பியவர்கள் மிகக் குறைவு. தயவுசெய்து எழுதுங்கள்.

முதலில் பில்லைக் கையில் எடுங்கள். யூனிட்டை மட்டும் பார்க்காமல் எத்தனை நாளுக்கான பில் என்றும் பாருங்கள். வீட்டுப் பாவனையில் 30 நாளுக்கு 60 யூனிட் என்பதுதான் பெரிய எல்லை. தாண்டினால் 61ஆவது யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறும், நிலையான கட்டணமும் ஏறும். மீட்டர் பார்க்க 34 நாள் கழித்து வந்தால் அந்த எல்லை 68 ஆக வேண்டும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, 60ஐத் தாண்டிய மாதம் உங்கள் பில் எவ்வளவு கூடியது என்பதைக் கடிதத்தின் முதல் பந்தியிலேயே எழுதுங்கள். "தாங்க முடியவில்லை" என்பதைவிட அது பலமானது.

அப்புறம் கம்பிப் பாதை. நாம் கொடுக்கும் விலைக்குள் மின்சாரத்தை உற்பத்தி செய்யும் செலவோடு, நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்திலிருந்தும் மகாவலி நீர்மின் நிலையங்களிலிருந்தும் மன்னார்க் காற்றாலைகளிலிருந்தும் 220 கிலோவோல்ட் கம்பிகளில் கொண்டுவரும் செலவும் இருக்கிறது. இப்படி மின்சாரம் கொண்டுவரப் புதிய கம்பிப் பாதை தேவையா என்ற வாதத்தில் என் பக்கம் தெளிவானது: தேவை. 2021 டிசம்பர் 3 அன்று கொத்மலை–பியகம பாதையில் ஏற்பட்ட கோளாறால் நாடே இருண்டது. காற்று பலமாக வீசும் வடக்கிலிருந்து கம்பி போதாவிட்டால் கொழும்புக்காக எண்ணெய் எரிக்க வேண்டிவரும், அந்தச் செலவும் நம் தலையில்தான். ஆனால் மன்னாரில் மக்கள் காணியையும் மீன்பிடியையும் பறவைகள் வலசை வரும் வழியையும் பற்றிக் கேட்பது நியாயமான கேள்வி, அதை "அபிவிருத்திக்கு எதிர்ப்பு" என்று ஒதுக்கக்கூடாது.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: இந்தப் பாதைக்கு என்ன செலவு, எத்தனை வருடத்துக்குப் பில்லில் ஏறும்? தாமதமானால் எண்ணெய்க்கு எவ்வளவு கூடும்? காணி இழப்பவருக்கு என்ன நட்டஈடு, அது கணக்கில் சேர்ந்திருக்கிறதா? இந்தியாவோடு மின்தொடர்பு அமைக்க 2025 ஏப்ரலில் கைச்சாத்தான உடன்பாட்டைப் பற்றியும், அந்த மின்சாரம் இங்கே என்ன விலைக்கு வரும் என்றும் கேளுங்கள்.

தமிழிலேயே எழுதலாம், 1987இல் வந்த 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. ஒரு பக்கம் போதும். கடைசித் திகதி அறிவித்தலிலேயே இருக்கும், தபாலில் அனுப்புவதென்றால் அதற்கு நாலைந்து நாள் முன்னதாகப் போடுங்கள். வாய்மூலக் கருத்துக்கு அழைப்பு இருந்தால் பெயரைப் பதிந்து, பில்லின் பிரதியோடு போங்கள். பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், செலவு பற்றிய கேள்வியை முதலில் கேட்டுவிடுங்கள்.