விட்டு விட்டு எரியும் பின்விளக்கு: எம்எக்ஸ்-5 காரில் செய்யக்கூடாத தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் கொண்டுவரும் புகார்களில் மிகவும் தொல்லை பிடித்தது இதுதான்: பின்விளக்கு சில நேரம் எரிகிறது, சில நேரம் எரிவதில்லை. பட்டறை வாசலில் நிறுத்தினால் ஒழுங்காக எரியும். இரவில் மழை பெய்யும்போது, செம்பனைக் குலை ஏற்றிய லாரி பின்னால் வரும்போது அணைந்துபோகும். தெருவிளக்கு இல்லாத தோட்டச் சாலையில், நெஞ்சு உயரமே உள்ள கார் லாரி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதே அந்தச் சிவப்பு விளக்கால்தான். ஆகவே "எப்பவாவதுதானே" என்று தள்ளிப்போடுகிற கோளாறு அல்ல இது.

இங்கே சொல்வது 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறையையும், 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையையும் பற்றியது. கோளாறு தேடும் முறை மற்ற பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் ஏறக்குறைய பொருந்தும்.

எரிந்துவிட்டது என்பதால் வேலை முடிந்துவிடாது

பெரும்பாலோர் முதலில் செய்வது பல்பை மாற்றுவது. மாற்றியதும் எரியும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அணையும். பல்பைக் கழற்றி மாட்டும்போது அதன் அடிப்பகுதி ஹோல்டரின் முனைகளோடு உரசி, படிந்திருந்த கறை கொஞ்சம் விலகுகிறது. எரிந்ததற்கு அந்த உரசல்தான் காரணம். புதுப் பல்பு அல்ல. பழைய பல்பையே கழற்றி மாட்டியிருந்தாலும் எரிந்திருக்கும்.

கழற்றிய பல்பை உடனே வீசிவிடாதீர்கள். அடியில் உள்ள இரண்டு ஈயப் பொட்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல பல்பில் அவை சற்று உப்பி, ஒரே சீராக இருக்கும். கோளாறான ஹோல்டரில் இருந்து வந்த பல்பில் ஒரு பொட்டின் நடுவில் சிறு குழி விழுந்து, சுற்றிலும் கருப்பு வளையம் கட்டியிருக்கும். அந்த இடத்தில் தொடர்பு விட்டு விட்டுப் பொறி பறந்திருக்கிறது என்று அர்த்தம். ஹோல்டரின் உள்ளே ஸ்பிரிங் முனை ஒன்று மற்றதைவிடத் தாழ்ந்திருந்தால் சூட்டில் ஸ்பிரிங் வலுவிழந்துவிட்டது. அதை நெம்பி உயர்த்தினால் சில நாள் ஓடும், பிறகு மறுபடியும் தாழும். ஹோல்டரையே மாற்றுங்கள். பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் வயரோடு சேர்த்துக் கிடைக்கும்.

பல்பு வாங்கும்போதும் ஒரு தவறு நடக்கிறது. டெயில் விளக்கும் (ஹெட்லைட்டோடு எரியும் சிவப்பு விளக்கு) பிரேக் விளக்கும் ஒரே பல்பில் எரியும் இடத்தில் இருப்பது 21/5 வாட் இரட்டை இழைப் பல்பு. அதன் பக்கவாட்டு ஊசிகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. தலைகீழாக மாட்டிவிடக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். சரியாக உட்காரவில்லை என்று அழுத்தித் திருப்பினால் டெயில் பிரேக்காகவும் பிரேக் டெயிலாகவும் மாறிவிடும். 1157 என்று அச்சிட்ட அமெரிக்கப் பல்பும் இதே ஹோல்டரில் உட்காரும், ஆனால் அது ஏறக்குறைய 27/8 வாட். கூடுதல் சூட்டில் பழைய ஹோல்டர் மேலும் கெடும்.

எப்போது, எந்த விளக்கு என்று குறித்துக்கொள்ளாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்

வயரைக் கிளறத் தொடங்கிவிட்டால் கோளாறு ஒளிந்துகொள்ளும். அதற்கு முன்பே பாருங்கள். ஒரு பக்கத்து விளக்குகள் மொத்தமாகத் தடுமாறினால் அந்தப் பக்கத்து எர்த் (மின்சாரம் காரின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) அல்லது கனெக்டர். இரண்டு பக்கமும் டெயில் மட்டும் போய், பிரேக் சரியாக எரிந்தால் டெயில் ஃபியூஸ், அல்லது ஸ்டியரிங் அருகே உள்ள விளக்கு சுவிட்ச். பிரேக் விளக்கு மூன்றும் சேர்ந்து போனால் பெடல் சுவிட்ச் அல்லது அதன் ஃபியூஸ். பூட் (பின்பக்கச் சாமான் அறை) மூடியில் உள்ள விளக்கு மட்டும் போனால் மூடிக்கு ஏறும் வயர். பூட்டை ஓங்கி மூடும்போது, மழை பெய்த மறுநாள் காலையில், அரை மணி நேரம் ஓட்டிய பிறகு என்று நேரத்தையும் சேர்த்துக் குறித்தால் பாதி வேலை முடிந்தது.

புஸ்பகோம் வாகனப் பரிசோதனையில் தேறிவிட்டது என்பதை வைத்தும் சமாதானம் அடையாதீர்கள். விளக்கு எரிகிற நேரத்தில் பார்த்தால் தேறத்தான் செய்யும்.

எர்த்தை மறப்பது

விட்டு விட்டு எரிகிற பின்விளக்கில் முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த். ஆனால் பலரும் பாசிட்டிவ் பக்கத்தையே துருவித் துருவிப் பார்ப்பார்கள். எர்த் கெட்டால் விளக்கு அணைந்துபோகும் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது விசித்திரமாக எரியத் தொடங்கும். பிரேக்கை மிதிக்கும்போது அந்தப் பக்கத்து டெயில் மங்கும். சிக்னல் போட்டால் டெயிலும் கூடவே துடிக்கும். ஹெட்லைட் போடாமலே பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டு விளக்குகள் மெல்லிய வெளிச்சம் காட்டும்.

காரணம் இது: பிரேக் இழை வழியாக வந்த மின்சாரம் பாடிக்குப் போக வழியில்லாமல், அதே பல்பின் டெயில் இழை வழியாகப் பின்னோக்கி டெயில் வயருக்குள் ஏறி, மறுபக்கத்து டெயில், நம்பர் பிளேட் விளக்கு, டாஷ்போர்டு விளக்கு ஆகியவற்றின் எர்த்தைத் தேடிப் போகிறது. இந்த அறிகுறியைக் கண்டால் வேறு எதையும் கழற்றாமல் நேராக எர்த்துக்குப் போங்கள்.

பூட்டுக்குள் உள்ள விரிப்பை எடுத்தால், பின்விளக்கு வயர்க் கட்டிலிருந்து பிரிந்து பாடியில் போல்ட் போட்டு முறுக்கிய கருப்பு வயரைக் காணலாம். போல்ட்டைக் கழற்றி, வளைய முனையின் அடிப்பக்கத்தையும் பாடியின் தகட்டையும் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். பல் வாஷர் ஒன்று வைத்து இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். இறுக்குவதற்கு முன்பே தடித்த கிரீஸ் அப்புவதும், பெயிண்டின் மேலேயே போல்ட்டை முறுக்குவதும் தவறு. வளைய முனையில் பச்சை பூத்திருந்தால் வயரை 2 செ.மீ. உரித்துப் பாருங்கள்; உள்ளே செம்பு கருத்திருந்தால் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிப் புது முனை போட வேண்டும்.

இந்தக் காரில் எர்த் கெடுவதற்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு. பேட்டரி பூட்டுக்குள் வலப்பக்கம் இருக்கிறது. தொழிற்சாலை வைத்தது அடைத்த வகை பேட்டரி. அதன் வாயு வெளியேறக் காருக்குக் கீழே போகும் மெல்லிய குழாய் உண்டு. இருக்கிறதே என்று சாதாரண அமில பேட்டரியை அந்த இடத்தில் வைத்து, குழாயை மாட்டாமல் விட்டால், சார்ஜ் ஆகும்போதெல்லாம் அமில ஆவி மூடிய பூட்டுக்குள்ளேயே தங்கும். தகடு அரிக்கும், பக்கத்தில் உள்ள வயர் முனைகளும் அரிக்கும். வலப்பக்க விளக்கு மட்டும் அடிக்கடி தகராறு செய்தால் பேட்டரியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். எர்த்தை எத்தனை முறை சுத்தம் செய்தாலும், அந்தப் பேட்டரி அங்கே இருக்கும்வரை திரும்பக் கெடும்.

பல்பைக் கழற்றிவிட்டு வோல்ட் அளப்பது

மல்டிமீட்டரை ஹோல்டரில் வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது, ஆகவே வயர் நல்லது என்று முடிவு கட்டுவார்கள். மீட்டர் இழுக்கும் மின்சாரம் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரிலும் அது முழு வோல்ட்டைக் காட்டும். அடைப்புள்ள தண்ணீர்க் குழாயை நுனியில் மூடிவைத்து அழுத்தம் பார்ப்பது போலத்தான் இது; திறந்துவிட்டால்தான் சொட்டுவது தெரியும். 21 வாட் பல்புக்கு ஏறக்குறைய 1.75 ஆம்ப் வேண்டும். அது ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

பல்பை மாட்டி, விளக்கை எரியவிடுங்கள். பிரேக் பெடலை ஒரு மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து அழுத்தி வைக்கலாம். மீட்டரின் கருப்பு முனை பேட்டரியின் நெகட்டிவில், சிவப்பு முனை ஹோல்டரின் எர்த் முனையில். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.5 காட்டினால் நடுவில் எங்கோ கெட்டிருக்கிறது. சிவப்பு முனையைப் பேட்டரியை நோக்கி ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் கோளாறு. அடுத்து பாசிட்டிவ் பக்கம்: சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கருப்பு முனை ஹோல்டரின் பாசிட்டிவில். சுவிட்ச், ஃபியூஸ் எல்லாம் தாண்டி வருவதால் இங்கே 0.5 வோல்ட் வரை விடலாம். 1 வோல்ட் குறைந்தாலே வெளிச்சத்தில் சுமார் கால்வாசி போய்விடும். இந்தக் காரில் பேட்டரி பூட்டிலேயே இருப்பதால் நீளமான வயர் இழுக்கத் தேவையில்லை.

அளந்துகொண்டிருக்கும்போதே வயர்க் கட்டை மெல்ல ஆட்டுங்கள், பூட் மூடியைத் திறந்து மூடுங்கள். எண் துள்ளுகிற இடத்தை விடாதீர்கள். மூடிக்கு ஏறும் வயர் பல ஆண்டு மடிந்து மடிந்து, மேல் உறை முழுதாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருப்பது வழக்கம். மூடி ஒரு கோணத்தில் நிற்கும்போது மட்டும் விளக்கு போனால் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஃபியூஸைப் பெரிதாக்குவது

10 ஆம்ப் அடிக்கடி போகிறது என்று 20 போடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஃபியூஸ் போகாது; பூட் விரிப்புக்கு அடியில் வயர் உருகும். ஃபியூஸ் மூடியில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டவே கூடாது. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு ஃபியூஸைப் பலி கொடுக்கவும் வேண்டாம்: அந்தச் சுற்றில் உள்ள பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை வயரோடு செருகி சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் அந்தப் பல்பு பளிச்சென்று எரியும். வயரை ஆட்டிக்கொண்டே போனால், அது எரிகிற அல்லது அணைகிற இடம்தான் உரசுகிற இடம்.

பெடலுக்கு மேலே பார்க்க மறப்பது

பிரேக் சுவிட்ச் வழியாக மூன்று விளக்கின் மின்சாரமும் போகிறது, ஏறக்குறைய 5 ஆம்ப். உள்ளே முனைகள் கருகினால் மெதுவாக மிதிக்கும்போது எரியாது, அழுத்தி மிதித்தால் எரியும். பெடல் கையில் சுவிட்ச் முட்டும் இடத்தில் உள்ள சிறு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் நம் வெயிலில் பொடிந்து விழுவதும் உண்டு. அப்போது பிரேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், காலையில் பேட்டரி படுத்துவிடும். மிதியடியில் பொடிந்த துண்டுகள் கிடந்தால் அதைத்தான் பாருங்கள்; சில ரிங்கிட் சமாச்சாரம்.

தண்ணீரும் எலியும்

பின்விளக்குக்கும் பாடிக்கும் நடுவே உள்ள நுரைப் பட்டை காலப்போக்கில் தட்டையாகித் தண்ணீரை விடும். அதற்கு ஹார்ட்வேர் கடை சிலிக்கோனை அப்புவார்கள். பூசும்போது புளித்த வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கோன் அசெட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. செம்பு முனைகளை அதுவே அரித்துவிடும். வாடை இல்லாத நியூட்ரல் வகை, அல்லது பியூட்டைல் பட்டை, அல்லது புது நுரைப் பட்டை போடுங்கள். உள்ளே தண்ணீர் நிற்கிறது என்று விளக்கின் அடியில் ஓட்டை போடாதீர்கள். நம் செம்மண் தூசி அதே ஓட்டை வழியாக உள்ளே போகும். முனைகளுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். துரு இளக்கும் எண்ணெயை அடித்தால் அன்றைக்கு எரியும், பிறகு அதன் பிசுபிசுப்பில் தூசி ஒட்டும்.

துணிக் கூரைக்கு இருக்கைகளின் பின்னால் இருபுறமும் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. மரத்தடியில் நிறுத்தும் கார்களில் சருகு அடைத்து, தண்ணீர் உள்ளே வழிந்து, கார்ப்பெட்டுக்கு அடியில் பின்னோக்கி ஓடும் வயர்களை ஊறவைக்கும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை கொட்டுவதற்கு முன் மெல்லிய நைலான் குழாயை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். கூரான கம்பியை விட்டால் உள்ளே உள்ள ரப்பர் குழாய் கிழியும்.

செம்பனைத் தோட்டம் இருக்கிற இடத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. வாரக்கணக்கில் எடுக்காத கார் அதற்கு நல்ல வீடு. புழுக்கை கிடந்தால் வயர்க் கட்டை விரலால் தடவிப் பாருங்கள், கடித்த இடம் தட்டுப்படும். அதன் மேல் டேப் சுற்றுவது தீர்வாகாது. சூட்டில் பசை இளகி டேப் நழுவும், நடுவில் ஈரம் தங்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கெட்ட துண்டை வெட்டி எடுத்து, அதே தடிமன் வயரைச் சேர்த்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் இணைப்பான் போடுங்கள். அலாரமோ ரிவர்ஸ் சென்சாரோ மாட்டியவர்கள் வயரை அறுக்காமல் கவ்வவைத்த பிளாஸ்டிக் கிளிப்புகளையும் அப்போதே எடுத்துவிடுங்கள். அந்தக் கிளிப்பின் தகடு செம்பு இழைகளில் பாதியை வெட்டியிருக்கும்.

எல்இடி போட்டால் சரியாகிவிடும் என்பது

எல்இடி குறைந்த மின்சாரத்தில் எரிவதால் கெட்ட எர்த்திலும் எரியும். கோளாறு மறையும், தீராது. சிக்னல் வேகமாகத் துடிப்பதை நிறுத்த 6 ஓம் ரெசிஸ்டர் சேர்த்தால் அது சிக்னல் எரியும்போது ஏறக்குறைய 30 வாட் சூட்டை உமிழும். பிளாஸ்டிக்கின் மேலோ வயர்க் கட்டின் மேலோ கட்டினால் உருக்கும். முதலில் சாதாரணப் பல்பிலேயே எல்லாம் ஒழுங்காக எரிய வேண்டும்.

பழுது பார்த்த பிறகு உடனே விரிப்பைப் போட்டு மூடிவிடாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டு, பெடலுக்கு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, 20 நிமிடம் எரியவிடுங்கள். ஹோல்டர் சூடாக வேண்டும். நீண்ட நேரம் ஆகும் என்றால் எஞ்சினை ஓடவிடுங்கள், ஆனால் மூடிய கொட்டகைக்குள் வேண்டாம். பிறகு பின்விளக்குகளின் மேல் குழாய்த் தண்ணீரை அடித்து, பூட்டைப் பத்து முறை ஓங்கி மூடி, எர்த் பக்கத்தை மறுபடியும் அளக்க வேண்டும். அப்போதும் 0.1 வோல்ட்டுக்குள் நின்றால் விரிப்பைப் போடலாம்.