கடையில் எத்தனை பேர்? டெல்டா வியாபாரிகள் கணக்கில் சறுக்கும் இடங்கள்

கும்பகோணம் பாத்திரக்கடையோ மன்னார்குடி பேக்கரியோ, "கடையில எத்தனை பேரு வேலை பாக்குறாங்க?" என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். பளிச்சென்று ஒரு எண் வராது. "சம்பளத்துக்கு ஏழு பேரு. மச்சான் பையன் ஒருத்தன் கல்லாவுல இருக்கான். சாயங்காலம் ரெண்டு பேரு வருவாங்க. பெருக்கித் துடைக்க ஒரு அம்மா" என்று இழுப்பார். கூட்டினால் 11. ஏழு பேர்தானே என்று இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பக்கமே போகாமல் இருப்பதுதான் நம் ஊரில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

இ.எஸ்.ஐ.க்கு 10 பேர், பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதிக்கு 20 பேர் என்பது வரம்பு. தினக்கூலி, பகுதிநேரம், ஒப்பந்த ஆள் எல்லாரும் இந்தத் தலைக்கணக்கில் வருவார்கள். மச்சான் பையன் சம்பளம் வாங்கினால் அவனும் ஆள்தான். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், பிறகு இரண்டு பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள் என்று வெளியேற முடியாது.

பயப்படும் அளவுக்குத் தொகை ஒன்றும் பெரிதல்ல. 14,000 ரூபாய் சம்பளக்காரருக்கு அவர் பங்கு 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குத்தான் இது. ஆனால் நவம்பரில் சம்பளத்தை 22,000 ஆக்கிவிட்டு அந்த மாதமே நிறுத்தக் கூடாது. அக்டோபரில் தொடங்கிய அரையாண்டு மார்ச்சில் முடியும்வரை கட்டியாக வேண்டும். ஆளிடம் பிடிக்காமல் விட்ட பழைய பாக்கியைப் பின்னால் அவர் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது. இரண்டு பங்கும் உங்கள் தலையில்தான்.

சம்பள நோட்டைத் திறந்தால் இன்னொன்று தெரியும். தீபாவளிக்கு 10,000 முன்பணம், மாதம் ஆயிரமாகக் கழிவு. கையில் கொடுப்பது 13,000 என்பதால் இ.எஸ்.ஐ.யையும் 13,000க்கே போட்டிருப்பார்கள். தவறு. முன்பணம் கழிப்பது உங்கள் இருவருக்கும் இடையிலான கடன் கணக்கு, சம்பளம் 14,000தான். முன்பணத்துக்குத் தனிப் பக்கம் போட்டு, ஒவ்வொரு கழிவுக்கும் கையெழுத்து வாங்கிவையுங்கள். வாய்வார்த்தையாக விட்டால், ஆள் கோபித்துக்கொண்டு போகும் அன்று யார் சொல்வது உண்மை என்று யாருக்கும் தெரியாது.

அடிப்படைச் சம்பளம் 5,000, மீதியெல்லாம் படி என்று எழுதி பி.எஃப்.பைக் குறைக்கும் பழைய வித்தையும் இனிப் பலிக்காது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கணக்கிடப்படும். வேலையை விட்டுப் போகிறவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியை முடித்துத் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. மழைக்காலத்தில் கல்லா வறண்டது என்று, ஆளிடம் பிடித்த பி.எஃப். பணத்தைச் சரக்குக்குப் போட்டுவிடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். தாமதத்துக்கு வட்டி உண்டு என்பது ஒரு பக்கம். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம்.

அடுத்தது ரொக்கம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு ஏறாது. லாரி வாடகைக்கு மட்டும் 35,000 வரை விடுகிறார்கள். மூன்று 9,000 ரூபாய் வவுச்சராகப் பிரித்து எழுதினாலும் ஒரே நாள், ஒரே ஆள் என்றால் கூட்டித்தான் பார்ப்பார்கள். நம் ஊர் அரிசி ஆலைகளுக்கு இதில் ஒரு நல்ல விலக்கு இருக்கிறது: விளைவித்த விவசாயிக்கே நெல்லுக்கான பணத்தை ரொக்கமாகக் கொடுக்கலாம். நெல் வியாபாரி வழியாக வாங்கினால் அந்த விலக்கு கிடையாது. ஆகவே கொள்முதல் சீட்டில் "சன்ன ரகம் 40 மூட்டை" என்று மட்டும் கிறுக்காமல் விவசாயி பெயர், ஊர், சர்வே எண், எடை, விலை, கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். உறவுக்காரரிடம் வாங்கும் கைமாற்றும் அப்படித்தான்: 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். வங்கி வழியாக வாங்குங்கள்.

கடை லாபத்தை "வயல் வருமானம்" என்று காட்டுவதைப் பலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர் நிலத்தில் எட்டு லட்சம் விளைந்தது என்றால் அடங்கலும் (கிராமப் பயிர்க் கணக்கு) கொள்முதல் நிலையம் போட்ட வங்கி வரவும் பல்லை இளிக்கும். சொந்த நெல்லை அரைத்து அரிசியாக விற்றாலும் நெல்லின் சந்தை மதிப்பு வரைதான் விவசாய வருமானம். அதற்கு மேல் வருவது வியாபாரம்.

ஜி.எஸ்.டி.யில் வரம்பைக் கடை வாரியாகப் பார்ப்பது பெரிய சறுக்கல். 40 லட்சம் என்பது ஒரு பான் எண்ணுக்கு. வரியில்லாத விற்பனையும் அதில் சேரும். 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் வரி என்பதால் வரியில்லாத 26 கிலோ மூட்டையாக விற்கிறீர்கள் என்று வையுங்கள், அது 30 லட்சம். பக்கத்துக் கடையில் பாத்திரம் 12 லட்சம். மொத்தம் 42 லட்சம், பதிவு எடுத்தாக வேண்டும். மனைவி பெயரில் கியூ.ஆர். அட்டை வைத்தாலும் விற்றது உங்கள் கடை சரக்குதான். 2025 ஜூலையில் யு.பி.ஐ. வரவை வைத்தே கர்நாடகத்தில் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் போனது. காம்போசிஷனில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய திட்டத்தில் இருப்பவர்கள் பில்லில் வரி வசூலிக்கக் கூடாது. அதையும் இங்கே தாராளமாகச் செய்கிறார்கள். வழக்கமான ஜி.எஸ்.டி. பதிவில் இருந்தால், விற்பனை இல்லாத காலத்துக்கும் 'நில்' (பூஜ்யம்) என்று ரிட்டர்ன் போட வேண்டும்.

தொழில் வரியை நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ அரையாண்டுக்கு ஒருமுறை ஊழியர் சம்பளத்தில் பிடித்துக் கட்டுவது முதலாளியின் பொறுப்பு. உத்தேச லாபக் கணக்கில், அதாவது விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் என்று காட்டுகிறவர்களுக்கு, ஆண்டு வரி 10,000 அல்லது அதற்கு மேல் என்றால் முன்வரி முழுவதும் மார்ச் 15க்குள். சம்பா நெல் பணம் கடைவீதியில் புரளும் சமயம்தான் அது, புதுச் சரக்குக்கு முடக்குவதற்கு முன்னால் எடுத்து வைத்துவிடுங்கள்.