கியோங்ஜுவின் கல்லறை மேடுகள்: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்கொரியாவின் கியோங்ஜு நகரின் நடுவே தேரங்வொன் என்று ஒரு பூங்கா இருக்கிறது. உள்ளே போனதும் புல் போர்த்திய பெரிய பெரிய மேடுகள் கண்ணில் படும். மொத்தம் 23. எல்லாமே கல்லறைகள். சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் பழங்கால கொரிய அரசான சில்லாவின் அரசர்களையும் அரச குடும்பத்தாரையும் அடக்கம் செய்த இடம் இது.

பெரும்பாலானவர்கள் இங்கே செய்யும் தவறு, பூங்காவை போட்டோ எடுக்கும் இடமாக மட்டும் பார்ப்பது. இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு மரம் நிற்கும். அதன் முன்னால் படம் எடுக்க நீளமான வரிசை. அதில் நின்று நேரத்தைக் கரைத்துவிட்டு, சொன்மாச்சோங்குக்குள் போகாமலே திரும்புகிறார்கள். இந்தப் பூங்காவில் உள்ளே நுழைந்து பார்க்க முடிகிற ஒரே கல்லறை அதுதான். பூங்காவுக்குள் வர 2023 முதல் கட்டணம் கிடையாது, இதற்கு மட்டும் தனி டிக்கெட். தயங்காமல் வாங்குங்கள்.

உள்ளே போனால் கட்டிய விதம் புரியும். தரையில் மரத்தாலான அறை, அதற்குள் பெட்டி. அறையைச் சுற்றியும் மேலேயும் ஆற்றுக் கற்களைக் குவித்து, அதன் மேல் களிமண் பூசி, கடைசியாக மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். கட்டியபோது உள்ளே போக வழியே வைக்கவில்லை. மரம் மக்கியதும் கற்கள் சரிந்து அறையை மூடிவிட்டன. திருட வருகிறவன் தோண்டத் தோண்டக் கல் சரியும். தங்கம் இத்தனை நூற்றாண்டு பிழைத்தது இதனால்தான். இது தெரியாமல் பார்த்தால் வெறும் மண்குன்றாகத்தான் தெரியும்.

1973இல் இதைத் தோண்டியதே ஒரு ஒத்திகைக்காகத்தான். பக்கத்திலுள்ள மிகப் பெரிய இரட்டை மேடான ஹ்வாங்னம் தேச்சோங்கில் கை வைக்கும் முன், சின்னதில் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். சின்னதிலிருந்தே 11,500க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. தங்கக் கிரீடம், பூர்ச்ச மரப்பட்டையில் வரைந்த வெள்ளைக் குதிரை எல்லாம் அதில் அடக்கம். ஆனால் கல்லறைக்குள் நீங்கள் பார்ப்பவை நகல்கள். அசலைப் பார்த்துவிட்டதாக நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள், அது கியோங்ஜு தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. அங்கே கிரீடத்தின் அருகே நின்று நிதானமாகப் பாருங்கள்: மரக்கிளை போல முன்னால் மூன்று, மான் கொம்பு போலப் பின்னால் இரண்டு, எங்கும் தொங்கும் வளைந்த பச்சைக் கற்கள், மெல்லிய தங்க வட்டுகள்.

தங்கக் கிரீடம் என்றால் ராஜாவுடையது என்று முடிவு கட்டுவதும் தவறு. ஹ்வாங்னம் தேச்சோங்கில் தங்கக் கிரீடம் கிடைத்தது பெண்ணின் கல்லறை என்று கருதப்படும் வடக்கு மேட்டில். அங்கே கிடைத்த ஒரு வெள்ளிப் பொருளில் ‘சீமாட்டியின் இடைக்கச்சை’ என்ற பொருளில் எழுத்துகள் இருந்தன. ஆணுடைய தெற்கு மேட்டிலோ பொன்முலாம் பூசிய செம்புக் கிரீடமும் வெள்ளிக் கிரீடமும்தான்.

அப்புறம், மேட்டின் மேல் ஏறுவது. வேலி இல்லாத மேடுகளைப் பார்த்ததும் குழந்தைகள் ஓடி ஏறுவார்கள், பெரியவர்களும் கூடவே போவார்கள். 2020இல் ஒருவர் காரையே ஒரு கல்லறை மேட்டின் உச்சியில் நிறுத்தி வைத்தார். ஏறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 கோடி வொன் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அபராதம் இருக்கட்டும், அது ஒருவரை அடக்கம் செய்த இடம். கீழே நின்று பார்ப்பதுதான் மரியாதை.

பூங்கா மதிலோடு மேடுகள் முடிந்துவிடுவதில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் போங்கள். போங்ஹ்வாங்தே மேட்டின் மேலேயே பெரிய மரங்கள் வளர்ந்து நிற்கும். அருகில்தான் 1921இல் வீட்டு வேலைக்காக மண் தோண்டியபோது சில்லாவின் முதல் தங்கக் கிரீடம் தற்செயலாக வெளிப்பட்டது. 1926இல் இன்னொரு மேட்டின் அகழாய்வில் சுவீடன் பட்டத்து இளவரசர் குஸ்தாவ் அடால்ஃபே கலந்துகொண்டார். இந்தப் பக்கம் கூட்டமும் குறைவு.

நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். காலையில் பூங்கா, அங்கிருந்து நடந்தே 7ஆம் நூற்றாண்டின் சொம்சொங்தே வானியல் கோபுரம், பிறகு அருங்காட்சியகம். 771இல் வார்த்த பெரிய வெண்கல மணி அதன் வளாகத்திலேயே இருக்கிறது. இருட்டும் நேரத்துக்கு அருகிலுள்ள வொல்ஜி குளத்துக்கு வந்தால் விளக்கொளியில் மண்டபங்கள் நீரில் தெரியும். பகலில் குளத்தைப் பார்த்துவிட்டு மாலையில் அருங்காட்சியகத்துக்கு ஓடினால் பெரும்பாலான நாள்களில் கதவு மூடியிருக்கும்.

இன்னொன்று: அதிவேக ரயில் நிற்கும் கியோங்ஜு நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. ஊர் நடுவே இருந்த பழைய நிலையம் 2021இல் மூடப்பட்டுவிட்டது, பழைய வழிகாட்டிகளை நம்பாதீர்கள். ரயிலில் வந்தால் அங்கிருந்து பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும். வெளியூர்ப் பேருந்தில் வந்தால் பேருந்து நிலையத்திலிருந்து பூங்காவுக்கு நடந்தே போகலாம். புல்குக்சா கோயிலும் சொக்குராம் குகையும் நகரத்துக்கு வெளியே மலைப்பக்கம் இருப்பவை. அவற்றையும் அதே நாளில் திணிக்காமல் இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.