வளர்ந்தவர்களுக்கு ஏடிஎச்டி: திருகோணமலையிலிருந்து ஒன்லைனில் வைத்தியம் பார்ப்பது எப்படி

வீடியோ அழைப்பில் மனநல வைத்தியர் அதிகம் துருவிக் கேட்கப்போவது சின்ன வயதைப் பற்றித்தான். ஏடிஎச்டி (சின்ன வயதிலேயே தொடங்கும் கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) என்று உறுதிசெய்ய, கவனமின்மையிலோ மிகை இயக்கத்திலோ வளர்ந்தவருக்கு 5 அறிகுறிகளாவது வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்குள்ளேயே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, வேலைத்தலம் என்று இரண்டு இடத்திலாவது தொந்தரவு தெரிய வேண்டும்.

ஆகவே ஒரு கிழமைக்கு முன்னரே பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளைத் தேடுங்கள். புலமைப்பரிசில் பரீட்சை எடுத்த தரம் 5 காலத்தது கிடைத்தால் மிக நல்லது. புள்ளியை விட வகுப்பாசிரியர் ஓரத்தில் எழுதிய 'கவனம் போதாது' என்ற வரிக்குப் பெறுமதி அதிகம். படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் கடதாசிகளை இழந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அப்படியானால் அம்மாவையோ பெரியக்காவையோ பக்கத்தில் இருத்துங்கள். 'சின்னனில நான் எப்படி?' என்று கேட்டால் 'குழப்படியே இல்லை, நல்ல பிள்ளை' என்றுதான் பதில் வரும். கனவு கண்டுகொண்டிருந்த அமைதியான பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், கண்டுபிடிக்கப்படாமல் போவது இதனால்தான். 'எத்தனை கொம்பாஸ் பெட்டி துலைச்சனான்? சோத்துக் கோப்பைக்கு முன்னால எவ்வளவு நேரம் இருப்பன்?' என்று கேளுங்கள்.

உலக சுகாதார அமைப்பின் ஏஎஸ்ஆர்எஸ் வினாத்தாளில் 18 கேள்விகள். முதல் 6இல் 4 பொருந்தினால் முழுப் பரிசோதனைக்குப் போகலாம். அதுவே நோய் நிர்ணயம் ஆகாது. 10 நிமிடத்தில் 'ஏடிஎச்டிதான்' என்று முடிக்கும் அழைப்பை நம்ப வேண்டாம். தைரொயிட், நித்திரைக் குறைவு, மனச்சோர்வு, போர் தந்த அதிர்ச்சி எல்லாமே இதே முகத்தோடு வரும். எது எந்த வயதில் தொடங்கியது என்று வரிசையாக எழுதிவைத்தால் வைத்தியர் பிரித்தறிவார்.

காசு கட்டுமுன் இரண்டு விடயம். ஒன்று, வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பாருங்கள். மற்றது, மருந்துத் துண்டு எப்படிக் கைக்கு வரும் என்று கேளுங்கள். ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெதில்பெனிடேட் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. வட்ஸ்அப்பில் வந்த துண்டின் படத்தைக் காட்டி வாங்கலாம் என்று எண்ணியிருக்க வேண்டாம். நேரில் ஒரு தடவை வரச் சொன்னாலோ, பொது வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்குக் கடிதம் தந்தாலோ போய்வாருங்கள். மூதூர், கிண்ணியாப் பக்கத்தவர்கள் பயண நாளையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

மருந்து தொடங்குமுன் மூன்று நாள் காலையில், 5 நிமிடம் ஆறி இருந்து, பிரஷரும் நாடித்துடிப்பும் அளந்து எழுதுங்கள். மாத்திரை கூட்டும்போதெல்லாம் இதே கணக்கை வைத்தியர் கேட்பார். இருதய நோயோ பைபோலரோ (இருமுனை மனநோய்) குடும்பத்தில் இருந்தால் மறைக்க வேண்டாம்.

சாதாரண மெதில்பெனிடேட் 3–4 மணித்தியாலம் வேலை செய்யும். பின்னேரம் பிந்திப் போட்டால் நித்திரை கெடும். ஏடிஎச்டிக்கான மற்றொரு மருந்தான அட்டொமொக்செடின் அப்படியல்ல. வழக்கமாக 40 மில்லிகிராமில் தொடங்கி 80 வரை கூட்டுவார்கள். பலன் தெரியப் பல கிழமைகள் எடுக்கும். வயிற்றைப் பிரட்டுகிறது, ஒன்றும் மாறவில்லை என்று இரண்டாம் கிழமையில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டோடு போட்டால் பிரட்டல் குறையும். நிறுத்த நினைத்தால் முதலில் வைத்தியருக்கு அழைப்பெடுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் அடுத்த அழைப்புத் திகதி வரை காத்திருக்காமல் உடனே தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள்.