இணை சேராத முயலைக் கழிப்பதற்கு முன்

முயல் மளமளவென்று பெருகும் என்ற பேச்சை நம்பிப் பண்ணை தொடங்குபவர்களுக்கு முதல் ஏமாற்றம், பெட்டை ஆணை அண்டவே விடாததுதான். இரண்டு தடவை விட்டுப் பார்த்துவிட்டு 'மலடு' என்று கறிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப் போகிறவற்றில் பல நல்ல முயல்கள். பெரும்பாலும் தவறு வளர்க்கிறவர் பக்கம்தான்.

ஆணைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பெட்டையின் கூண்டில் விடவே கூடாது. தன் இடத்துக்குள் யாராவது வந்தால் பெட்டை விரட்டும், கடிக்கும். எப்போதும் பெட்டையைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். விட்டதும் பக்கத்திலேயே நின்று பாருங்கள். சேர்க்கை ஒழுங்காக நடந்தால் ஆண் லேசாகக் கத்திவிட்டுப் பக்கவாட்டில் சரிந்து விழும். பத்து நிமிடமாகியும் ஓடிக்கொண்டே இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க ஒன்றாக விட்டால் காயம் வரும். சேர்ந்ததா, எப்போது என்றும் தெரியாது.

மாட்டைப் போல முயலுக்குக் கணக்கான பருவச் சுழற்சி கிடையாது. இணை சேர்ந்த பிறகு, சுமார் 10 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளிவரும். அதனால் எந்த நாளும் சேர்க்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் பெட்டைக்கு விருப்பம் வருவதும் போவதுமாக இருக்கும். பிடரித் தோலோடு சேர்த்துப் பிடித்து மல்லாத்தி, பிறப்புறுப்பை இரு விரலால் மெதுவாக விரித்துப் பாருங்கள். வெளிறி உலர்ந்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். மூன்று நான்கு நாள் கழித்துப் பார்க்கலாம். சிவந்து, தடித்து, ஈரமாக இருந்தால் உடனே கொண்டுபோகலாம். ஊதா நிறம் தட்டிவிட்டால் நேரம் தாண்டிவிட்டது. வெளிறிய பெட்டையை அமுக்கிப் பிடித்துச் சேர்த்தாலும் சினை பிடிப்பது அரிது. சிவந்தும் வாலைத் தூக்காமல் பதுங்குகிறது என்றால், வயிற்றுக்கடியில் கைகொடுத்துப் பின்பக்கத்தைச் சற்று உயர்த்திப் பிடிப்பது உதவும்.

நம் ஊரில் அதிகம் கவனிக்காமல் விடுவது வெயில். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால் ஆணின் விந்து கெடும். புது விந்து உருவாக ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், சித்திரை வெயிலின் பாதிப்பு ஆனி மாதத்திலும் தெரியும். வெளியே குளிர்ந்துவிட்டதால் யாருக்கும் ஆண் மீது சந்தேகம் வராது. பழி பெட்டை மேல் விழும். மத்திய அரசின் ஆடு, முயல் ஆராய்ச்சி மையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கிறது. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களுக்கு அந்தக் குளிர்தான் தோது. சமவெளியில் வளர்ப்பவர்கள் கூரைக்குத் தென்னங்கீற்று போட்டு, ஈரச்சாக்கு கட்டி, விடியற்காலையிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

அப்புறம் தீவனம். பாசத்தில் அடர்தீவனத்தை (தானியம், பிண்ணாக்கு கலந்த தீவனம்) அள்ளிப் போட்டுக் கொழுக்க வைத்தால், பெட்டைக்கும் ஆசை இருக்காது, ஆணும் ஏறாது. சினையில்லாத பெட்டைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அடர்தீவனமே போதும்; மீதி வயிற்றைப் பசும்புல் நிரப்பட்டும். ஐந்தாறு மாதத்தில் சேர்க்க வேண்டிய பெட்டையை ஒரு வருடம் சும்மா வைத்திருந்தாலும் இதே கதைதான்.

பெட்டைகளை ஒரே கூண்டில் அடைத்தால் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் பொய்ச்சினை பிடிக்கும்; அதாவது குட்டி இல்லாமலே உடம்பு சினையானது போல நடந்துகொள்ளும். அது நீடிக்கும் 16 முதல் 18 நாளும் ஆணை ஏற்காது. சில பெட்டைகள் முடியைப் பிய்த்துக் கூடுகூடக் கட்டும். சேர்ப்பதற்கு 18 நாள் முன்பே தனிக்கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். காதில் சொறி, குதிகாலில் புண், பிறப்புறுப்பில் கொப்புளம் இருந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாங்கிய இரண்டுமே ஒரே பாலாக இருப்பதும் நடக்கிற விஷயம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரிபார்த்து, குட்டி போடவைத்துக் காட்டிய வேறொரு ஆணிடமும் மூன்று நான்கு முறை விட்டு, அப்போதும் சேராத பெட்டையைத்தான் கழிக்க வேண்டும்.