தோட்டத்துப் பாதைக்கு வந்த காசு: பிரதேச சபையில் மதிப்பீட்டுப் பிரதியை வாங்குவது எப்படி?

பாதை போட்டு அடுத்த மழைக்கே கொங்கிறீட் பொரிந்து கல் தெரிந்தால் நம்ம ஆட்கள் செய்வது ஒன்றுதான், போட்டோ எடுத்து வட்ஸ்அப் குரூப்பில் போட்டு தவிசாளரைத் திட்டுவது. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. வேலை தொடங்கும் முன்பே மதிப்பீட்டின் (எஸ்டிமேட்) பிரதி பாதையில் குடியிருப்பவர்கள் கையில் இருந்தால், களவு செய்ய நினைப்பவருக்கு அதுவே பெரிய தொல்லை. நான் எங்கள் பிரிவுப் பாதைக்கு வாங்கிய விதத்தை எழுதுகிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் கருவி. அதன் வரலாறெல்லாம் இங்கே வேண்டாம்.

முதலில், காசு யாருடையது என்று பாருங்கள். தோட்டப் பாதை என்றால் பிரதேச சபை, பிரதேச செயலகம், மாகாண வீதித் திணைக்களம் இதில் எதுவாகவும் இருக்கலாம். வேலை இடத்தில் பெயர்ப்பலகை இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் சபை உறுப்பினரிடமே கேளுங்கள், தான் கொண்டுவந்த காசு என்று பெருமையாகச் சொல்லிவிடுவார். தோட்டக் கம்பனி தன் சொந்தக் காசில் போட்ட பாதை என்றால் இந்த வழி பெரும்பாலும் சரிவராது. அரசுக்கு 25 வீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கம்பனிகளும் ஜனவசம போன்ற அரச நிறுவனங்களும் மட்டும் சட்டத்துக்குள் வரும்.

அப்புறம் கோரிக்கையை ஏற்கும் தகவல் அலுவலர் யார் என்று பாருங்கள். அவருடைய விபரம், மேன்முறையீட்டுக்கான குறித்தளிக்கப்பட்ட அலுவலரின் விபரம், கட்டணம் எல்லாவற்றையும் அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஒட்டவில்லை என்றால் அதையும் போட்டோ எடுத்து வையுங்கள், பின்னால் உதவும்.

இனி கடிதம். பலரும் விழுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். "எங்கள் பாதை ஏன் தரமில்லாமல் போடப்பட்டது? காசு எங்கே போனது?" என்று எழுதினால் "தரமாகவே போடப்பட்டுள்ளது" என்று ஒரு வரியில் பதில் வரும், கதை முடிந்தது. எங்கள் பிரிவில் முதலில் போன கடிதத்துக்கு வந்த பதில் கிட்டத்தட்ட அதுதான். இந்தச் சட்டம் தருவது அலுவலகத்தின் கையில் இருக்கும் ஆவணத்தை. அவர்களுடைய விளக்கத்தை அல்ல. ஆகவே 'ஏன்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இப்படி:

"மேற்படி பாதைக்குக் கொங்கிறீட் இடும் வேலை தொடர்பான அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீடும் அளவுப்பட்டியலும், கிடைத்த விலைமனுக்களின் ஒப்பீட்டு அட்டவணை, ஒப்பந்தப் பிரதி, கொடுப்பனவு வவுச்சர்களும் அவற்றோடு இணைத்த அளவீட்டுத் தாள்களும், இவ்வேலையை அங்கீகரித்த சபைக் கூட்ட அறிக்கையின் பகுதி."

வேலை இன்னும் தொடங்கவில்லை என்றால் வவுச்சரை விட்டுவிடுங்கள். பீஓகியூ என்று ஆபீஸில் சொல்வது அந்த அளவுப்பட்டியலைத்தான், அதை மட்டும் விடவே வேண்டாம். நீளம், அகலம், கனம் (தடிப்பு), கலவை எல்லாம் அதில்தான் இருக்கும்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்லத் தேவையில்லை. இந்தச் சட்டத்துக்கான ஆர்டிஐ 01 என்ற கோரிக்கைப் படிவம் கட்டாயமும் இல்லை, வெள்ளைத் தாளில் கையால் எழுதியது போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும்.

கையில் கொடுப்பதா, தபாலில் அனுப்புவதா என்றால் நான் பதிவுத் தபால் கட்சி. நேரில் கொடுத்தால் ஏற்றுக்கொண்டதற்கு எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமைதான், ஆனால் கவுண்டரில் "சேர் இல்லை, வெச்சிட்டுப் போங்க" என்பார்கள். தபால் ரசீதுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அதைக் கடிதத்தின் பிரதியோடு ஒரு சீஆர் கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

கிடைத்ததிலிருந்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதென்றால் அடுத்த 14 நாளில் கையில் வரவேண்டும், பக்கங்கள் அதிகம் என்றால் மேலும் 21 நாள் வரை எடுக்கலாம். 2017இல் வந்த கட்டண விதிகளில் போட்டோ கொப்பியின் முதல் நான்கு பக்கம் இலவசம், அதற்கு மேல் ஏ4 ஒரு பக்கத்துக்கு 2 ரூபா.

பதிலே வராவிட்டால் காத்திருக்காதீர்கள். காலக்கெடு தாண்டுவதும் மேன்முறையீட்டுக்குரிய காரணம்தான். 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு எழுத வேண்டும், அவருக்கு மூன்று வாரம். சில சபைகளில் அந்த அலுவலர் தவிசாளரேதான், அதாவது யார் கையெழுத்தைப் பற்றிக் கேட்கிறோமோ அவரிடமே முறையிட வேண்டும்! பரவாயில்லை, எழுதுங்கள், அந்தப் படியைத் தாண்டாமல் கொழும்பில் உள்ள தகவல் ஆணைக்குழுவுக்குப் போக முடியாது. அங்கே போக இரண்டு மாத அவகாசம் இருக்கிறது.

பிரதி வந்ததும் மேசன் வேலை தெரிந்த ஒருவரோடு உட்காருங்கள். கொங்கிறீட்டின் கனத்தைப் பார்க்க ஒரே நேரம்தான் உண்டு: பலகை அடித்து முடித்து, கலவை கொட்டும் முன். பிறகு உடைத்தால்தான் தெரியும். போனில் அளக்கும் செயலியெல்லாம் நம்ம மேட்டுப் பாதையில் வேலைக்காகாது, மேசன் பாஸிடம் நீள டேப் ஒன்றை இரவல் வாங்குங்கள். பட்டியலில் உள்ளதும் டேப் சொல்வதும் பொருந்தாவிட்டால் அன்றைக்கே தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கும் செயலாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். காசு கொடுபட்ட பிறகு எழுதுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம்.

பின்னர் சேர்த்தது: பண்டாரவளைப் பக்கம் ஒரு தங்கச்சி எழுதியிருந்தார், "தோட்டத்துக்குள் செலவழிக்கச் சபைக்கு அதிகாரமே இல்லை, அதனால் பைலும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவை வைத்து முன்பு அப்படிச் சொல்ல முடிந்தது. தோட்டத்துக்குள்ளும் சபை செலவழிக்க வழிவிட்டு 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். அதைக் குறிப்பிட்டு, "ஆவணம் இல்லை என்றால் இல்லை என்று எழுத்தில் தரவும்" என்று கேளுங்கள். எழுத்தில் தரச் சொன்னதும் பைல் கிடைத்துவிடுவதும் உண்டு.

இன்னொருவரின் கேள்வி: விலைமனு இல்லாமல் வேலையை ஒரு சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள், இது பிழையா? சிறு வேலைகளை கிராம அபிவிருத்திச் சங்கம் போன்றவற்றுக்கு நேரடியாகக் கொடுப்பது வழக்கத்தில் உள்ளதுதான், அதைப் பார்த்ததும் களவு என்று குதிக்க வேண்டாம். சங்கத்தின் தலைவர், பொருளாளர் யார், அவர்கள் உறுப்பினருக்கு என்ன உறவு என்று பாருங்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் நலன் முரண்பாடும், அதாவது தனக்கோ தன் ஆட்களுக்கோ லாபம் வரும் விடயத்தில் பதவியை வைத்து முடிவெடுப்பதும், குற்றம். உறவு உறுதியாகத் தெரிந்து தாளும் கையில் இருந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954க்கு அழைக்கலாம், எழுத்திலும் அனுப்பலாம். பொய் என்று தெரிந்தே முறைப்பாடு கொடுப்பதும் அதே சட்டத்தில் குற்றம், அதனால் கேள்விப்பட்டதை விட்டுவிட்டு பிரதியில் உள்ளதை மட்டும் எழுதுங்கள்.